மூக்கன் என்ன ஆனான்

அந்தப் படத்தை எடுத்தவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் இதை அவனிடமே நேராகக் கேட்டிருப்பேன். ஒரு ஆளை நடுக்காட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, அவன் என்ன ஆனான் என்று நாங்கள் எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, அரை வரியில் கையைக் கழுவிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் படமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு தொடர் போட்டார்கள். ‘புழுதி நட்சத்திரம்’ என்று பெயர். வெள்ளைக்காரன் எடுத்தது, தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஆகாயத்தில் ஓடுகிற ஒரு ஓட்டைக் கப்பல். அதில் லோடு ஏற்றிக்கொண்டு கோள் கோளாகப் போகிறார்கள். எந்தக் கோளில் இறங்கினாலும் நம் எட்டயபுரம் ரோடு சித்திரை மாதத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். மரம் இருக்காது, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இறங்கினதும் குதிரை ஏறித் துப்பாக்கியோடு போவார்கள். பைபாஸில் டீக்கடை வைத்திருக்கிற கற்பகம் முதல் நாளே சொன்னாள்:

“ஆகாசத்துல கப்பல் விடுதானுவ, ஒரு பழைய மொபெட் வாங்க வக்கில்ல. குதிரையில போறானுவ.”

அவள் கடை டிவியில்தான் பார்த்தோம். அங்கே உட்காருகிறவர்கள் எல்லாரும் லாரியில் கிடந்து முதுகு போனவர்கள். எங்களுக்குத் தொடர் பிடித்துப்போனதற்குக் காரணம் குதிரையும் துப்பாக்கியும் இல்லை. போன ஊரில் ரிட்டன் லோடு கிடைக்காமல் அந்தக் கப்பல் காலியாகத் திரும்பும். செக்போஸ்டில் ஒரு தடியன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். புரோக்கர் ஒரு சாமான் என்று சொல்லி வேறு சாமானை ஏற்றி விடுவான். இதை எழுதினவனின் அப்பன் லாரி ஓட்டியிருப்பான் என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

அதில் வருகிறவர்கள் பெயர் எதுவும் எங்கள் வாயில் நுழையவில்லை. கப்பலை ஓட்டுகிறவன் எப்போதும் தொப்பி போட்டிருப்பான், அவன் தொப்பி. இஞ்சின் பார்க்கிறவன் மூக்கு பெரிசு, அவன் மூக்கன். டிரைவரும் கிளீனரும்தான். வேறு எப்படிச் சொல்வது?

கடைசியாகப் போட்ட ஞாயிற்றுக்கிழமை, கப்பல் ஒரு பாழாய்ப்போன கோளில் படுத்துவிட்டது. தொப்பி மூக்கனிடம் சொல்கிறான்: நீ லோடோடு இரு, நான் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று. போகும்போது தன் தொப்பியைக் கழற்றி மூக்கன் தலையில் வைத்துவிட்டுச் சின்ன வண்டி ஒன்றில் ஏறிப் போகிறான். மூக்கன் கப்பல் நிழலில் உட்காருகிறான். தொடரும் என்று போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் தலைமுடி எண்ணெய்க்காரன் வந்து பேசிக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த வாரமும் அவனே.

கிருஷ்ணகுமார்தான் விசாரித்துச் சொன்னான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நாற்பது வயசு இருக்கும். இந்தத் தொடருக்கென்று போனில் ஒரு குரூப் நடத்துகிறான். சாத்தூர், கயத்தாறு, மணியாச்சி என்று எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் அதில் பேசுகிறார்கள்.

“அங்கனயே நிறுத்திட்டான் அண்ணாச்சி. பாக்கதுக்கு ஆள் இல்லையாம்.”

“ஆள் இல்லையா? அப்பம் இங்கன உக்காந்து பாத்தவம்லாம் என்னது, பன்னியா?”

“நம்மள கணக்குல எடுக்க மாட்டான் அண்ணாச்சி.”

எடுக்க மாட்டான். எனக்குத் தெரியும். எவன் எடுத்தான்?

ஆனால் மற்றவர்கள் மாதிரி நாங்கள் திட்டிவிட்டு விட முடியவில்லை. காரணம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர். ஒருவன் முத்துசெல்வம், டிரைவர். இன்னொருவன் கருத்தையா, அவனிடம் கிளீனராக ஓடினவன்.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியில் வண்டி படுத்துவிட்டால் டிரைவர் சாமான் வாங்கப் போவான், கிளீனர் வண்டியோடு இருப்பான். போகிறவன் தன் துணிப்பையை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போவான். பை வண்டியில் இருந்தால் ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம். வாயால் வேறு சத்தியம் எதுவும் கிடையாது.

இருபது வருஷத்துக்கும் மேலே இருக்கும், இவர்கள் இரண்டு பேரும் இங்கேயிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனார்கள். நம் பைபாஸ் ரோடேதான், பிடித்து நேரே போனால் நாக்பூர். ஹிங்கன்காட் என்கிற ஊருக்குப் பக்கத்தில் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் உடைந்துவிட்டது. பல்சக்கரம், அது இல்லாமல் வண்டி ஒரு அடி நகராது. முத்துசெல்வம் பையைப் போட்டுவிட்டு நாக்பூருக்குப் போனான். போனவன் வரவில்லை.

லாரி முதலாளி வேறு பல்சக்கரம் கொடுத்து, அவரிடமே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னைத்தான் அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது கருத்தையா ஆளே அடையாளம் தெரியவில்லை. அடைமழை. தீப்பெட்டி லோடு என்பதால் வண்டிப் பக்கத்தில் அடுப்புப் பற்ற வைக்கவும் முடியாது. தள்ளிப் போய்ச் சமைக்கலாம் என்றால் தார்ப்பாயை அவிழ்த்து எடுத்துவிடுகிற பயல்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சை வெங்காயத்தையும் அங்கே விளைகிற பச்சைக் கடலையையும் தின்று கிடந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது சாப்பாடு இல்லை.

“எங்க டிரைவர் அண்ணாச்சி எந்த ஆஸ்பத்திரில கிடக்காவ?”

அடிபட்டுக் கிடக்கிறான் என்று அவனாகவே முடிவு பண்ணியிருந்தான். முத்துசெல்வமோ அப்போது ஊரில் இருந்தான். காய்ச்சல், வழியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் இந்தியில் எழுதியிருந்தது என்றான். முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அவன் கயத்தாறில் வேறு வண்டியில் ஏறினான். அடுத்த வருஷம் கற்பகம் கடையில் வந்து உட்கார்ந்தான். கருத்தையா தன் வீட்டுக்குப் போய், உள்ளே இருந்த சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்த அந்தத் துணிப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான்.

“டீ குடிங்க அண்ணாச்சி” என்றான்.

ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான் கேள் என்று அவனைத் திட்டியிருக்கிறேன்.

“அவியளா சொல்லட்டும் அண்ணாச்சி. கேட்டு வாங்குனா அது பதிலா?”

அவனுக்கு அந்த ஒரு பதில்தான் வேண்டும். கடையில் உட்காருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். முத்துசெல்வத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பயல் தினமும் வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொடர் அந்த இடத்தில் நின்ற பிறகுதான் இருவரும் வாய் திறந்தார்கள். தொப்பியைப் பற்றித்தான் பேசினார்கள், மூக்கனைப் பற்றித்தான் பேசினார்கள்.

“வருவான்” என்பான் கருத்தையா. “தொப்பியை வச்சிட்டுல்லா போயிருக்கான். வராம எங்க போவான்?”

“வழியில என்ன நடந்துதோ” என்பான் முத்துசெல்வம். “போற வழி நமக்குத் தெரியுமா? நாலு பேரு சேந்து புடிச்சுக் கட்டிப் போட்டிருப்பானுவ.”

“கட்டிப் போட்டா அவுத்துக்கிட்டு வருவான்.”

“அவனும் மனுசன்தானடே.”

“மூக்கன் மட்டும் யாரு?”

இதையே எட்டு வருஷம் பேசினார்கள். கிருஷ்ணகுமார் இதைத் தன் குரூப்பில் போட்டதில், தொப்பி கட்சி, மூக்கன் கட்சி என்று இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. சாத்தூரில் ஒருவன் தொப்பியை ராணுவம் பிடித்துவிட்டது என்று ஆதாரத்தோடு எழுதினானாம். அவனுக்கு எங்கிருந்து ஆதாரம் கிடைத்தது என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் இப்படித்தான்.

போன மாதம் கிருஷ்ணகுமார் கடைக்கு ஓடி வந்தான்.

“படமா எடுத்துட்டானுவ. விட்ட இடத்துலேர்ந்து கதை. நம்ம ஊரு தியேட்டர்லயே வருது, தமிழ்ல.”

“விட்ட இடத்துலேர்ந்துன்னு யாரு சொன்னா?”

“போஸ்டர்ல இருக்கு அண்ணாச்சி, ‘பயணம் தொடர்கிறது’ன்னு.”

“போஸ்டர்ல போட்டவன் படத்தைப் பாத்தானா?”

“உங்ககிட்ட ஒரு நல்ல சேதி சொல்ல முடியுதா?” என்று அவன் சலித்துக்கொண்டான்.

கருத்தையா எழுந்து நின்றுவிட்டான். டீ கிளாஸை வைத்த இடம் தெரியாமல் கற்பகத்தின் அரிசி மூட்டையின் மேல் வைத்தான். முத்துசெல்வம் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். கருத்தையா அவன் பக்கம் திரும்பி, “நீங்களும் வரணும் அண்ணாச்சி” என்றான்.

“எனக்குக் கண்ணு சரியில்ல.”

“கண்ணு சரியில்லாமத்தான் பேப்பர் படிக்கீகளோ?” என்றாள் கற்பகம். “போயிட்டு வாங்க. தொப்பி வந்தானா இல்லையான்னு வந்து சொல்லுங்க. இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.”

மேட்னி ஷோவுக்குப் போனோம். நான், கருத்தையா, முத்துசெல்வம், கிருஷ்ணகுமார். கருத்தையா சவரம் பண்ணி, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற வேட்டி கட்டி வந்திருந்தான். கிருஷ்ணகுமாரின் குரூப் ஆட்கள் முன் வரிசையில் இருந்தார்கள். படம் ஆரம்பித்ததும் அந்தக் கப்பலைக் காட்டினான். விசில் பறந்தது. தொப்பியைக் காட்டினான். நானும் கை தட்டினேன், சொல்வதற்கென்ன.

கருத்தையா கை தட்டவில்லை.

“அண்ணாச்சி, அது வேற தொப்பி” என்றான் என் காதில்.

பார்த்தேன். பழசு தோல் தொப்பி, இது கறுப்பு. கப்பலுக்குப் பெயிண்ட் அடித்திருந்தது. உள்ளே எல்லாம் புது ஆட்கள். பத்து வருஷம் கழித்து என்று எழுத்துப் போட்டதாகக் கிருஷ்ணகுமார் படித்துச் சொன்னான். நடுவில் என்ன நடந்தது என்று சொல்வான், நினைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி வரும் என்று காத்திருந்தோம். ஒரு ராணி வந்தாள். அவள் தங்கச்சி வந்தாள். ஒரு கோளையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு புதுப் பெண் தொப்பியிடம் கேட்டாள், இதற்கு முன்னால் இஞ்சினை யார் பார்த்தது என்று.

கருத்தையா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

தொப்பி சொன்னான்: “ஒருத்தன் இருந்தான்.”

அவ்வளவுதான். உடனே துப்பாக்கிச் சண்டை வந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் என் பக்கத்தில் முத்துசெல்வம் எழுந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக் கத்தினான்.

“ஏலே, ஏன் திரும்பிப் போகலன்னு சொல்லுலே. மூணு மணி நேரம் படம் எடுத்திருக்க, அதைச் சொல்ல உனக்கு வாயில்லையா?”

“பெரிசு, உக்காரும்” என்று முன்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“நீ உக்காருலே. அவன் சொல்லட்டும்.”

திரையில் தொப்பி யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். இடைவேளை விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே கேண்டீன் ஓரமாக, தண்ணீர் டிரம் வைத்திருக்கிற இடத்தில் நின்றோம். கிருஷ்ணகுமார் போனை நோண்டிக்கொண்டே சமாதானம் சொன்னான்.

“மூக்கனா நடிச்சவருக்குத் தேதி இல்லையாம் அண்ணாச்சி. வேற படத்துல மாட்டிக்கிட்டாராம். அதான் அந்த ஆளையே கதையிலேர்ந்து தூக்கிட்டாங்க. மத்தபடி படம் நல்லாத்தான் இருக்குன்னு குரூப்ல...”

“தேதி இல்லன்னா ரெண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றேன். “செத்துட்டான்னு சொல்லு. சண்டை போட்டுப் பிரிஞ்சிட்டாம்னு சொல்லு. என்னமாச்சும் ஒரு பொய்யைச் சொல்லேன். கேக்குதவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“படம்தான அண்ணாச்சி.”

“நீ குரூப்புக்குப் போ” என்றேன். போய்விட்டான்.

முத்துசெல்வம் சுவரைப் பார்த்து நின்றான். இன்னும் மூச்சு வாங்கியது. கருத்தையா அவனிடம் பேசாமல் என்னிடம் கேட்டான்.

“இவிய எதுக்குக் கோவப்படுதாவ அண்ணாச்சி? மூக்கன் கட்சிக்காரன் நான்லா கோவப்படணும்?”

முத்துசெல்வம் திரும்பினான்.

“எனக்குக் காய்ச்சல் இல்ல” என்றான்.

அவனே மேலே சொன்னான்.

“நாக்பூர்ல சாமான் கிடைச்சிட்டு. வாங்கிச் சாக்குல சுத்திக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னேன். மழைன்னா அப்பிடி மழை. பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன். மெட்ராஸ் வண்டி நிக்குன்னு ஒருத்தன் தமிழ்ல சொல்லிக்கிட்டுப் போனான். சும்மா எட்டிப் பாக்கத்தான் போனேன். ஏறி உக்காந்துட்டேன்.”

“ஏன்?” என்றேன் நான். கருத்தையா கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

“ஏன்னு இல்ல. அந்தச் சகதியில போயித் திரும்ப வண்டிக்கு அடியில படுக்கணும்னு நெனச்சேன், உடம்பு மாட்டேன்னுட்டு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருவோம்னு நெனச்சேன். பொறவு அதுக்கடுத்ததுன்னு நெனச்சேன். விடிஞ்சப்பம் ரொம்ப தூரம் வந்துட்டேன். அதுக்கு மேல திரும்பிப் போக வெக்கமாப் போச்சு.”

“சாமானை என்ன செஞ்ச?”

“விஜயவாடா தாண்டி, கதவு வழியா வெளிய தள்ளிட்டேன்.”

பல்சக்கரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறான். அதற்காக ஒருவன் அங்கே பச்சை வெங்காயம் தின்று கிடக்கிறான். நான் கையை ஓங்கிவிட்டேன். கருத்தையா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். அவனுக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“மெட்ராஸ் வண்டின்னா ஹிங்கன்காட் வழியாத்தான போவும்” என்றான்.

முத்துசெல்வம் தலையைக் குனிந்தான்.

“ரோட்டுலேர்ந்து தண்டவாளம் தெரியும். ராத்திரியில ஜன்னல் வெளிச்சம் வரிசையாப் போவும். அதுல எதுலயாவது நீங்க வந்து இறங்குவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” அவன் பக்கம் நன்றாகத் திரும்பினான். “நீங்க செத்துட்டியன்னு அழுதேன், தெரியுமா? ஒரு நாள் முழுக்க அழுதேன். உங்க வீட்டுல போயி என்ன சொல்லதுன்னு ஒத்திகை பாத்து வச்சிருந்தேன்.”

“என்னைய ரெண்டு அடி அடிச்சிரு கருத்தையா.”

“அடிச்சா உங்களுக்குச் சரியாப் போவும். எனக்கு?”

மணி அடித்தார்கள். பாப்கார்ன் பொட்டலத்தோடு எல்லாரும் உள்ளே போனார்கள். முத்துசெல்வம் வாசல் பக்கம் பார்த்தான். “நான் வீட்டுக்குப் போறேன். என்னால இனி இங்கன இருக்க முடியாது” என்றான்.

அப்போதுதான் கருத்தையாவுக்குக் கோபம் வந்தது. அவனை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. முத்துசெல்வத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். ஜாக்கி தூக்கின கை அது, இன்னும் பிடி தளரவில்லை.

“உள்ள வாலே” என்றான்.

‘அண்ணாச்சி’ என்கிற மரியாதை போய்விட்டது. முத்துசெல்வம் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

“படம் முடியுத வரைக்கும் எம் பக்கத்துல உக்காருத. முடியல கிடியல எல்லாம் என்கிட்ட சொல்லாத. வா.”

இழுத்துக்கொண்டு போனான். நான் பின்னால் போனேன். இருட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கருத்தையா அந்தக் கையை விடவில்லை. பாக்கிப் படம் முழுக்க வெட்டிக் குப்பை. ராணி செத்தாள், தங்கச்சி பட்டத்துக்கு வந்தாள், தொப்பி அந்தத் தங்கச்சியைக் கட்டிப் பிடித்தான். மூக்கன் பேச்சே இல்லை. முன் வரிசையில் குரூப் ஆட்கள் எழுந்து ஆடினார்கள். மூக்கன் கட்சி என்று நெஞ்சைத் தட்டினவனும் ஆடினான், பார்த்தேன்.

நடுவில் முத்துசெல்வம் மெதுவாகச் சொன்னான்:

“ஒண்ணுக்குப் போகணும். வயசாகுது, அடக்க முடியாது.”

“இருலே” என்றான் கருத்தையா.

“நெசமாத்தான் சொல்லுதேன்.”

“அங்கன வண்டியை விட்டு எறங்க முடியாம நானும் இருந்தேன். இரு.”

இருந்தான். காலை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய இருந்தான். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. ஆட்கள் போய்விட்டார்கள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து, “எந்திரிங்க, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்” என்றாள். பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் கருத்தையா அசையவில்லை. திரை வெள்ளையாக ஆன பிறகு கையை விட்டான். முத்துசெல்வத்தின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது.

“இப்பம் போ.”

முத்துசெல்வம் எழுந்தான். வரிசை முனை வரைக்கும் போய்த் திரும்பினான்.

“நாளைக்குக் கடைக்கு வரட்டுமா?”

“வராத” என்றேன் நான். “அந்தப் பக்கம் உன்னைப் பாத்தேன்னா...”

“வரட்டும் அண்ணாச்சி” என்றான் கருத்தையா. குரலில் கோபம் அப்படியே இருந்தது. “எதிர் பெஞ்சுல உக்காரட்டும். எம் பக்கத்துல உக்காரக்கூடாது.”

முத்துசெல்வம் தலையை ஆட்டிவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு கக்கூஸைப் பார்த்து ஓடினான்.